வேன் கண்ணாடியில் ஆவி படிகிறதா? பழுதை நாமே கண்டுபிடிக்கலாம்



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கத்தில் ஷூ கம்பெனி வேலைக்குப் போகும் நம் பெண்கள் பலர் விடியற்காலையில் வேனில்தான் போகிறார்கள். கார்த்திகை மழையிலும் மார்கழிப் பனியிலும் முன் கண்ணாடி வெளுத்துப் போய்விடும். டிரைவர் ஒரு கையில் ஸ்டியரிங்கையும் மறு கையில் துணியையும் வைத்துக்கொண்டு ஓட்டுவார். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி 3 நொடியில் 50 மீட்டர் ஓடிவிடும். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் அந்த 50 மீட்டரைப் பார்க்காமல் ஓட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த ஆவியைப் போக்கும் அமைப்புக்கு டிஃப்ராஸ்டர் என்று பெயர். அது வேலை செய்யவில்லை என்றதும் "எல்லாத்தையும் மாத்தணும்" என்று யாராவது சொன்னால் உடனே பணத்தை எடுக்காதீர்கள். முதலில் எது பழுது என்று தெரிய வேண்டும்.

ஆவி ஏன் படிகிறது?

சோறு வேகும்போது மூடியின் உள்பக்கம் நீர் கோர்க்கிறது அல்லவா? அதே கதைதான். பத்துப் பேர் விடும் மூச்சிலும், நனைந்த புடவை, குடையிலும் ஈரம் இருக்கிறது. அந்த ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டதும் நீராக மாறிவிடுகிறது. அதைப் போக்க நாலு விஷயம் சரியாக இருக்க வேண்டும்: காற்று வர வேண்டும், அது கண்ணாடிக்குப் போக வேண்டும், சூடாக இருக்க வேண்டும், ஈரம் இல்லாமல் இருக்க வேண்டும். இந்த வரிசையிலேயே சோதியுங்கள்.

1. காற்று வருகிறதா?

ப்ளோயர் சுவிட்சை முழு வேகத்தில் வையுங்கள். சத்தமே இல்லை என்றால் முதலில் ஃப்யூஸைப் பாருங்கள். எது எந்த ஃப்யூஸ் என்று பெட்டி மூடியிலோ வண்டிப் புத்தகத்திலோ இருக்கும். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் அளவில் மாற்றுங்கள். கம்பியோ ஈயத்தாளோ வைக்கவே கூடாது, தீப்பிடிக்கும். புது ஃப்யூஸும் எரிந்தால் மோட்டாரிலோ ஒயரிலோ கோளாறு, எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். முழு வேகத்தில் மட்டும் ஓடி, குறைந்த வேகத்தில் ஓடவில்லையா? பெரும்பாலும் ரெசிஸ்டர் என்ற சிறு பாகம்தான் போயிருக்கும். அதற்காக மோட்டாரை மாற்ற வேண்டியதில்லை.

2. கண்ணாடிக்குப் போகிறதா?

கண்ணாடி ஓரத்துத் துளைகளில் கை வைத்துப் பாருங்கள். குமிழைக் கண்ணாடிப் படத்துக்குத் திருப்பியும் காற்று காலடியிலேயே வந்தால், உள்ளே காற்றைத் திருப்பும் தகடோ அதன் கேபிளோ கழன்றிருக்கலாம். காற்று பலவீனமாக வந்தால் ஃபில்டரில் தூசி அடைத்திருக்கலாம்.

3. சூடு வருகிறதா?

இன்ஜின் பத்து நிமிடமாவது ஓடியிருக்க வேண்டும். அப்புறமும் குளிர்ந்த காற்றுதான் என்றால், இன்ஜினை நிறுத்தி நன்றாக ஆறவிட்டுக் கூலன்ட் அளவைப் பாருங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும், ஜாக்கிரதை. இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறவே இல்லை என்றால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்படலாம். ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ் பைப்பில் ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால் நடுவில் அடைப்பு. இதை மெக்கானிக்கைக் கூட வைத்துக்கொண்டே பாருங்கள்.

4. சூடு வந்தும் ஆவி போகவில்லையா?

உள்காற்றையே சுற்றவிடும் பொத்தான் போட்டிருக்கிறதா பாருங்கள். வெளிக்காற்று வரும்படி மாற்றுங்கள். கால்மிதி ஈரமாக இருந்தால் வெயிலில் காயவையுங்கள். கண்ணாடியில் பிசுபிசுப்பும் உள்ளே இனிப்பான வாசனையும் இருந்தால் ஹீட்டரில் கூலன்ட் கசிகிறது என்று அர்த்தம். கூலன்ட் விஷம். பிள்ளைகள், ஆடு மாடு பக்கம் சிந்தவிடாதீர்கள்.

ஏ.சி. வண்டியில் ஒரு வேடிக்கை

ஏ.சி. ஈரத்தை உறிஞ்சும். அதனால் ஹீட்டரோடு சேர்த்துப் போட்டால் ஆவி சீக்கிரம் போகும். ஆனால் மழை நாளில் ஏ.சி.யை அதிகமாக வைத்தால், குளிர்ந்த நீர் வைத்த செம்பு வியர்ப்பதுபோலக் கண்ணாடியின் வெளிப்பக்கம் வியர்க்கும். உள்ளே விரலால் துடைத்துப் பாருங்கள். போகவில்லை என்றால் ஆவி வெளியே இருக்கிறது. வைப்பரைப் போட்டு, ஏ.சி. குளிரைக் குறைத்தால் போதும். இது பழுதே இல்லை!

ஹீட்டரே இல்லாத வண்டிக்கு

பல பழைய வேன்களில் ஹீட்டர் இருக்காது. எதிரெதிர் ஜன்னல்களை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள். ஈரக் குடையைப் பையில் போடுங்கள். உள்கண்ணாடியை வாரம் ஒருமுறை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் சுத்தமாகத் துடையுங்கள். அழுக்குக் கண்ணாடியில் ஆவி சீக்கிரம் படியும். எதிரே தெரியவில்லை என்றால் ஓரமாக நிறுத்தித் துடைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். வேலைக்குப் பத்து நிமிடம் தாமதமானாலும் பரவாயில்லை என்று டிரைவர் அண்ணனிடம் நாமே சொல்ல வேண்டும்.

"வண்டி ரிப்பேர் பெண்களுக்கு எதுக்கு?" என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். கண்ணாடியைத் துடைக்கும் வைப்பருக்கு 1903-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் மேரி ஆண்டர்சன் என்ற பெண். பனி விழும் நாளில் டிராம் ஓட்டுநர் படும் பாட்டைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

• நம் உறுப்பினர்கள் போகும் வண்டிகளில் ஆவி போக்கும் வசதி இருக்கிறதா? கடைசியாக எப்போது சோதித்தார்கள்?
• குழுக் கடனில் வண்டி வாங்கிய சகோதரி, மழைக்காலம் தொடங்கும் முன் இந்த நாலு சோதனையையும் செய்துவிட்டாரா?
• பழுது பார்த்தபின் மாற்றிய பழைய பாகத்தையும் ரசீதையும் கேட்டு வாங்குகிறோமா?