ராக்கெட்டுக்கும் ஈயம் பூச வேண்டும்

மயிலாப்பூர் வீடுகளில் பித்தளைப் பாத்திரம் புழங்கிய நாளில், ஈயம் பூசுகிறவர் தெருவில் கூவிக்கொண்டு வருவார். அவர் கேட்ட கூலி புதுப் பாத்திரத்தின் விலையில் பாதியாக இருந்திருந்தால், எவரும் அவரைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு ராக்கெட்டைப் பார்ப்போம்.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் பி.எஸ்.எல்.வி.யின் அடிப்பகுதி, இரண்டு நிமிடத்துக்குள் தன் வேலையை முடித்துவிட்டுக் கடலில் விழுகிறது. அதோடு சரி. அமெரிக்காவின் ஸ்பேஸ் எக்ஸ் நிறுவனமோ, 2015 டிசம்பரில் ஃபால்கன் 9-இன் அடிப்பகுதியைத் தரையில் நிமிர்ந்து நிற்கும்படி இறக்கியது. 2017 மார்ச்சில், முன்பு பறந்த ஒன்றையே மீண்டும் ஏவியது.

அடையாறிலிருந்து பாண்டி பஜாருக்குச் செல்கிறவர் கையிலுள்ள பணம் முழுவதற்கும் துணி வாங்கிவிட முடியாது. திரும்பும் பஸ்ஸுக்கு எடுத்து வைக்க வேண்டும். ராக்கெட்டும் அவ்வாறே. இறங்குவதற்கு எரிபொருள் வைத்துக்கொள்வதால் சுமை குறைகிறது.

தோழியரே, ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் நாமே வைத்துக்கொண்டவை. ராக்கெட்டின் விலை 100 கோடி. அதில் அடிப்பகுதி 60, மீதி 40. சுமை 10 டன். எறிந்துவிட்டால் டன்னுக்கு 10 கோடி. திரும்பி வர வேண்டுமானால் சுமை 7 டன். ஒவ்வொரு முறையும் பழுது பார்க்க 6 கோடி. இரண்டு முறை பறந்தால் செலவு 146 கோடி, சுமை 14 டன், டன்னுக்கு 10.43. நஷ்டம்! மூன்று முறையானால் 9.14. பத்து முறையானால் 7.34.

பழுது பார்க்கும் செலவு 6-க்குப் பதில் 30 கோடி என்றால்? நூறு முறை பறந்தாலும் டன்னுக்கு 10 கோடிக்குக் கீழே இறங்காது. ஈயக் கூலியின் கதைதான்.

அமெரிக்க விண்வெளி ஓடத்தின் பக்க பூஸ்டர்களைக் கப்பல்கள் கடலிலிருந்து இழுத்து வந்தன. உப்பு நீரைக் கழுவி, பிரித்து, ரயிலில் யூட்டா மாநிலம் வரை அனுப்பினார்கள். ஏறத்தாழ வாரம் ஒரு முறை பறக்கும் என்று முதலில் எதிர்பார்க்கப்பட்ட ஓடம், மிக அதிகமாகப் பறந்த 1985-லேயே 9 முறைதான் பறந்தது.

எத்தனை முறை பறந்தால் லாபம் என்பதில் நிபுணர்களே ஒத்துப்போவதில்லை. 2020-இல் ஸ்பேஸ் எக்ஸின் எலான் மஸ்க், 2 முறையில் சமம், 3 முறையில் லாபம் என்றார். அப்போது போட்டி நிறுவனமான யு.எல்.ஏ.வின் தலைவராயிருந்த டோரி புரூனோ, சராசரி 10 முறையாவது வேண்டும் என்றார். வேலை குறைந்தாலும் தொழிற்சாலையை மூட முடியாது, சம்பளம் நிற்காது என்பதையும் நாம் மறக்கலாகாது.

2024-இல் ஃபால்கன் ராக்கெட்டுகள் 130 தடவைக்கு மேல் கிளம்பின. நம் நாட்டிலிருந்து அவ்வாண்டு செயற்கைக் கோள்களுடன் கிளம்பியவை 5, அவற்றில் பி.எஸ்.எல்.வி. 3. ஓர் அடிப்பகுதி பத்து முறை பறக்குமானால், மூன்று ஆண்டுகளுக்கு ஒன்றே போதும்! ஆயினும் 2024 செப்டம்பரில், திரும்பி வரும் அடிப்பகுதியுடன் 30 டன் தூக்கும் புதிய ராக்கெட்டுக்கு மத்திய அரசு 8,240 கோடி ரூபாய் ஒதுக்கியது. துணிச்சல்தான்.

செலவைக் குறைக்க வேறு வழியும் உண்டு. அடையாற்றை அடுத்த தரமணியில், ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில் உள்ள அக்னிகுல் நிறுவனம், எஞ்சினை முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக வார்க்கிறது. செய்வதே மலிவாகிவிட்டால், கடலில் விழுவதைப் பற்றி அவ்வளவு வருத்தப்பட வேண்டியதில்லை. அத்தகைய எஞ்சினுடன் அவர்களது சோதனை ராக்கெட் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது.