ஆவடி டு ஏர்போர்ட்: கணக்கை பின்னாடி இருந்து போடுங்க

போன செமஸ்டர்ல எங்க ஹாஸ்டல் நண்பன் ஒருத்தனுக்கு புனேயில இன்டர்வியூ. காலை 10:30 ஃப்ளைட். ஆவடியில 7:15க்கு பஸ் ஏறினான். மேப் "1 மணி 40 நிமிடம்"னு காட்டுச்சு. பாடி மேம்பாலத்துக்கிட்ட பஸ் நின்னது நின்னதுதான். அவன் டெர்மினலுக்குள்ள போனப்போ பேக்கேஜ் கவுன்டர் மூடி 10 நிமிஷம் ஆகியிருந்தது. டிக்கெட் காசு அப்பாவோட ஒரு மாச சம்பளத்துல கால்வாசி. அதனாலதான் இந்தக் கட்டுரை.

முதல்ல ஜியோமெட்ரி. ஆவடியில இருந்து மீனம்பாக்கம் நேர்கோட்டுல ஏறக்குறைய 17 கி.மீ. ஆனா அந்தக் கோட்டுல ரயில் கிடையாது. ரயில்ல போகணும்னா கிழக்கே சென்ட்ரல் வரைக்கும் போய், அங்கிருந்து தென்மேற்கா திரும்பி வரணும். முக்கோணத்தோட ரெண்டு பக்கமும் நாமதான் நடக்கிறோம், மொத்தம் 40 கி.மீ. பக்கம்! "இது என்னடா முட்டாள்தனம்"னு தோணும். எனக்கும் தோணுச்சு. ஆனா லக்கேஜோட கிளம்புற அன்னைக்கு அந்த நீளமான பாதைதான் சரி.

காரணம், நாம பார்க்க வேண்டியது சராசரி நேரத்தை இல்ல, அது எவ்வளவு கூடிக் குறையுதுங்கிறதை. ப்ராபபிலிட்டி பேப்பர்ல வேரியன்ஸ்னு படிச்சோமே, அதேதான். சி.டி.எச். ரோட்டுல ஆவடியில இருந்து திருமங்கலம் போக எனக்கு 40 நிமிஷமும் ஆகியிருக்கு, ஒன்றரை மணி நேரமும் ஆகியிருக்கு. லோக்கல் ரயில் லேட்டானா பெரும்பாலும் 10, 15 நிமிஷம். மெட்ரோ அதுவும் இல்ல.

இப்போ அதே 10:30 ஃப்ளைட்டுக்கு பின்னாடி இருந்து வருவோம். உள்நாட்டு விமானத்துக்கு கவுன்டர் பொதுவா 60 நிமிஷம் முன்னாடி மூடிடும், அதாவது 9:30. டெர்மினல் வாசல்ல 9 மணிக்கு நிக்கணும். மெட்ரோ ஸ்டேஷன்ல இருந்து நடக்க 15 நிமிஷம் வைங்க: 8:45. சென்ட்ரல்ல இருந்து மெட்ரோ சுமார் 40, காத்திருக்க 10: 7:55. மூர் மார்க்கெட் லோக்கல் ஸ்டேஷன்ல இறங்கி, டிக்கெட், பேக் ஸ்கேன் முடிச்சு கீழ பிளாட்பாரம் போக 15: 7:40. ஆவடியில இருந்து ரயில் 50 நிமிஷம்: 6:50. ஒரு வண்டி தவறினா அடுத்ததுக்கு 20: 6:30.

அந்த ரெண்டரை மணி நேரத்துல ரயிலுக்குள்ள இருக்கிறது 90 நிமிஷம்தான். மீதி 60 நிமிஷம் நடக்கிறது, நிக்கிறது, படி ஏறுறது. மேப் குறைச்சுக் காட்டுறது இந்த 60ஐத்தான். அதுக்கு உங்க 20 கிலோ பெட்டி தெரியாது. அம்பத்தூர், கொரட்டூர்காரங்களுக்கும் இதே கணக்கு, முதல் ரயில் நேரம் மட்டும் குறையும். ஞாயிற்றுக்கிழமை லோக்கல் குறைவு, 20ஐ 40 ஆக்குங்க.

சென்ட்ரல் மெட்ரோவுல ஒரு எச்சரிக்கை. நீலம், பச்சை ரெண்டு லைனும் அங்க இருக்கு. "விமான நிலையம்" போர்டு பார்த்து நீலத்துல ஏறுங்க. பரங்கிமலை போற பச்சையில ஏறிட்டா பயப்பட வேணாம், ஆலந்தூர்ல இறங்கி தளம் மாறி நீலம் பிடிக்கலாம். பஸ்ல திருமங்கலம் வந்து மெட்ரோ ஏறுறவங்களும் அப்படித்தான் போவாங்க. கையில ஒரு பேக் மட்டும், மதியம் ரோடு காலியா இருக்கிற நேரம்னா அந்த வழியும் நல்லதுதான். 2019 பிப்ரவரிக்கு முன்னாடி சென்ட்ரல்ல இருந்து அண்ணா சாலை வழியா நேரா ஏர்போர்ட் போற நீல லைனே முழுசா திறக்கல. சீனியர்ஸ் சொல்ற பழைய வழிகளை அதை மனசுல வச்சுக் கேளுங்க.

காசு ரொம்ப டைட்டா? சென்ட்ரல் எதிர்ல பார்க் ஸ்டேஷன்ல தாம்பரம் லோக்கல் பிடிச்சு திரிசூலத்துல இறங்குங்க. ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டினா ஏர்போர்ட். மெட்ரோ கட்டணத்துல பாதிகூட ஆகாது. ஆனா பெட்டியோட ரோடு கடந்து பார்க் பிளாட்பாரம் போறது ஒரு ஜிம் செஷன். பூந்தமல்லி பக்கம் இருக்கிறவங்க சென்ட்ரல் போக வேண்டியதே இல்ல. குன்றத்தூர், பம்மல் வழியா பல்லாவரம் பஸ், அங்கிருந்து திரிசூலம் ஒரே ஸ்டேஷன்.

காலை 6 மணி ஃப்ளைட்டுக்கு மேல சொன்ன எதுவும் செல்லாது. மெட்ரோ ஆரம்பிக்கிறதே 5 மணிக்கு, கவுன்டரும் 5க்கு மூடும். முதல் நாள் ராத்திரியே கடைசி மெட்ரோவுக்கு முன்னாடி போய் ஏர்போர்ட்ல உட்கார்ந்துடுங்க. கிளம்பும் முன்னாடி டிக்கெட்ல டெர்மினல் நம்பரையும் பாருங்க, உள்நாட்டு விமானங்கள் 1, 4னு ரெண்டு டெர்மினல்ல இருந்து போகுது.

நண்பனுக்கு ரெண்டு மாசம் கழிச்சு ஹைதராபாத்ல இன்னொரு இன்டர்வியூ, காலை 6:20 ஃப்ளைட். ராத்திரி 10:40க்கு ஏர்போர்ட்ல இருந்து போட்டோ அனுப்பினான்: பெட்டி மேல ஒரு புளிசாத டப்பா, பக்கத்துல அரியர் பேப்பரோட நோட்ஸ்.