சேது நாட்டு நாவலை எந்த வழியில் அச்சேற்றுவது?

ராமநாதபுரம் சீமையைப் பற்றிச் சமய வரலாற்று நாவல் எழுத உட்காருகிறவர் கிழவன் சேதுபதியைத் தாண்டிப் போக முடியாது. 1710 வரை ஆண்ட அந்த ரகுநாத சேதுபதியின் ஆணைப்படிதான் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டப்பட்டது. லிஸ்பனில் பிறந்து, இங்கே பண்டாரசாமி கோலத்தில் திரிந்த யேசு சபைத் துறவி அவர். அவரிடம் மறவர் குலத் தலைவர் தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்று, ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவினள். வினை அங்கே தொடங்கியது. அதே சேதுபதியின் நெருங்கிய துணையாக மரபு சொல்வது கீழக்கரை சீதக்காதியை. உமறுப்புலவரைச் சீறாப்புராணம் பாடவைத்த வள்ளல். சேதுபதிகளின் பட்டப் பெருமையோ ராமேசுவரத்தையும் சேதுவையும் காப்பவர்கள் என்பது.

ஒரு மன்னர், மூன்று சமயம், ஒரே சீமை. இதைவிட நல்ல கரு கிடைக்காது. விற்பதற்கு இதைவிடச் சிக்கலான கருவும் கிடைக்காது. ஓரியூருக்கு வருகிறவருக்கு மன்னர் வில்லன், அரண்மனைத் தெருவில் இருப்பவருக்குக் குலப்பெருமை, கீழக்கரைக்காரருக்கு நண்பர். மூன்று பேரும் ஒரே கடையில் புத்தகம் வாங்குகிறவர்கள் இல்லை.

பெரிய பதிப்பகங்கள் பதில் போடவில்லை, நாமே போட்டுவிடலாம் என்று துணிகிறவர்கள் முதலில் கேட்பது "ஒரு பிரதிக்கு எவ்வளவு ஆகும்?" என்பதைத்தான். நான் முதலில் கேட்கச் சொல்வது "வாங்குகிறவர் எங்கே நிற்கிறார்?" என்பதை. அது தெரிந்தால் வழி பாதி முடிவாகிவிடும்.

கூட்டம் எப்போதும் நிறையும் ராமேசுவரத்தை முதலில் பார்ப்போம். அந்தக் கூட்டத்தை நம்பி ஆயிரம் பிரதி அடிக்காதீர்கள். வருகிறவர்களில் பலர் தமிழ் படிக்கத் தெரியாத வடநாட்டு யாத்ரீகர்கள். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் வரும் நம்மவர்கள் 22 தீர்த்தமும் ஆடி, ஈரத்துணியோடு சங்கும் சோழியும் வாங்கிக்கொண்டு பஸ் பிடிக்கிறார்கள். ஏர்வாடி தர்காவுக்கு வருகிறவர்கள் நோய் தீர வேண்டி வருகிறவர்கள், அங்கே நாவல் விற்க நிற்பதே அழகில்லை. ஓரியூர் கொஞ்சம் வேறு. அருளானந்தரின் கதையைக் கேட்கவே வருகிறவர்கள் அங்கே உண்டு. ஆனாலும் அவர் இரத்தத்தால் சிவந்ததாக நம்பப்படும் செம்மண்ணைப் பொட்டலம் கட்டி எடுத்துப்போகும் குடும்பம் 400 ரூபாய் நாவலை யோசித்துத்தான் எடுக்கும்.

ஆக, உங்கள் வாசகர் பெரும்பாலும் ஊரைவிட்டுப் போனவர். சென்னையில், வளைகுடாவில், சிங்கப்பூரில், கொழும்பில் இருந்துகொண்டு சொந்த ஊரைப் பற்றிப் படிக்க ஏங்குகிறவர். அடுத்து, எந்த ஊராக இருந்தாலும் வரலாற்று நாவலை விடாமல் படிப்பவர். மூன்றாவதாக, ஊரிலேயே இருக்கும் ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், வட்டார வரலாற்றில் பித்துப் பிடித்தவர்கள்.

இனி வழிகளுக்கு வருவோம். சிவகாசியிலோ மதுரையிலோ ஆஃப்செட்டில் ஆயிரம் பிரதி அடிப்பது பழைய வழி. அளவு கூடக்கூட ஒரு பிரதியின் அடக்கம் இறங்கும் என்ற கணக்கு மயக்கும். 320 பக்கம், டெம்மி அளவு, அடக்கம் 95 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 95,000. முந்நூறு விற்று எழுநூறு வீட்டில் தங்கினால் விற்ற ஒவ்வொன்றுக்கும் உண்மையில் ஏறக்குறைய 317 ரூபாய் செலவழித்திருக்கிறீர்கள். அதுவும் நம் கடற்கரையில். உப்புக்காற்றும் ஐப்பசி கார்த்திகை ஈரமும் சேர்ந்தால் கட்டிலுக்கடியில் கிடக்கும் கட்டு அடுத்த சித்திரைக்குள் அலையலையாய் நெளிந்துவிடும். பாதிக்கு மேல் முன்கூட்டியே உறுதியாக விற்றிருந்தால் ஒழிய ஆஃப்செட் பக்கம் போக வேண்டாம். நூலக ஆணை வரும் என்ற நம்பிக்கையையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். வந்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர் எதிர், கேட்டால் அச்சடித்து அனுப்பும் முறை. சென்னை நோஷன் பிரஸ், பெங்களூரு போத்தி போன்றவை இதைச் செய்கின்றன. கையில் சரக்கு தேங்காது, முதலும் முடங்காது. ஆனால் பிரதி ஒன்றின் அடக்கம் அதிகம் என்பதால் விலையை ஏற்ற வேண்டிவரும். 500 ரூபாய் போட்ட அறிமுக எழுத்தாளரின் நாவலை இணையத்தில் தேடி வாங்குகிறவர் உங்கள் அத்தை மகனாகத்தான் இருப்பார். இதை இரண்டாம் பதிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். முதல் வேகம் அடங்கிய பிறகும் நூல் கிடைத்துக்கொண்டே இருக்க இது நல்ல ஏற்பாடு.

கிண்டில் மின்னூலுக்கு அச்சுச் செலவே இல்லை. துபாயில் இருப்பவர் இரவு பன்னிரண்டு மணிக்கும் வாங்கலாம். இந்திய விற்பனையில் 70 சதவீத உரிமைத்தொகை வேண்டுமென்றால் செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் விற்கவோ இலவசமாகத் தரவோ கூடாது. அச்சு நூலுக்கு அந்தத் தடை இல்லை. பலர் இதைப் படிக்காமல் பொத்தானை அழுத்திவிட்டு, வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் சுற்றவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். இன்னொன்று, தட்டச்சு செய்கிறவரிடம் முதல் நாளே யூனிகோடு எழுத்துருவில் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை மாற்றும்போது ஒற்றும் கொம்பும் இடம் மாறிச் சீதக்காதி வேறு யாரோ ஆகிவிடுவார்.

பணம் வாங்கிக்கொண்டு "உங்களை எழுத்தாளர் ஆக்குகிறோம்" என்னும் பதிப்பாளர்கள் தனி ரகம். எத்தனை பிரதி அச்சிடுவார்கள், அச்சகத்து ரசீதைக் காட்டுவார்களா, மீதிப் பிரதி யாருக்குச் சொந்தம், மறுபதிப்பு உரிமை யாரிடம், பக்க வடிவமைப்புக் கோப்பைக் கையில் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். ஐந்தில் ஒன்றுக்குப் பதில் மழுப்பினாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஐஎஸ்பிஎன் எண்ணுக்குத் தனியாகப் பணம் கேட்டால் அதுவே போதிய அடையாளம். ராஜா ராம்மோகன் ராய் முகமை அதை இந்தியாவில் இலவசமாகத் தருகிறது, தனி ஆளும் விண்ணப்பிக்கலாம்.

நான் பரிந்துரைக்கும் வழி புதிதல்ல. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் அச்சுச் செலவுக்குக் கையொப்பம் வாங்கி அலைந்தார். நூல் வரும் முன்பே வாங்குவதாக உறுதி தருவதற்கு அப்போது அதுதான் பெயர். சமண காப்பியத்துக்குச் சைவர்கள் கையொப்பமிட்டார்கள் என்பதை நம் மூன்று சமய நாவல்காரர் கவனிக்க வேண்டும். 1898இல் வந்த மணிமேகலைக்குப் பொருளுதவி செய்தவர் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். நம் சேதுபதி வம்சத்தவர்.

இன்று கையொப்பத்துக்குப் பதில் யுபிஐ. டிஜிட்டல் அச்சில் 300 பிரதி, அடக்கம் 160 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 48,000. நூல் விலை 400, முன்பதிவுக்கு 300. தபாலைத் தனியாக வாங்கிக்கொண்டால் 160 பேர் முன்பதிவு செய்தாலே அச்சுக் கூலி அடைபட்டுவிடும். மிச்சம் 140 பிரதியைக் கடைக்குக் கொடுக்கலாம். 40 சதவீதக் கழிவு போனால் கைக்கு வருவது 240. முன்பதிவுப் பணத்தை மெய்ப்பு முடிந்து இறுதிக் கோப்பு தயாரான பிறகு மட்டும் வாங்குங்கள். எழுதி முடிக்காத நாவலுக்குப் பணம் வாங்கிவிட்டால் கீழக்கரைக் கல்யாண வீட்டுக்குப் போகவே கூச்சமாகிவிடும். பதிவு செய்தவர்களின் பெயரை நூலின் கடைசியில் அச்சிடுங்கள். பழைய நூல்களில் இருந்த வழக்கம்தான், அந்தப் பட்டியலில் தன் பெயரைக் காட்டவே ஒருவர் நான்கு பேரிடம் நூலை நீட்டுவார்.

தனவந்தர் ஒருவர் முழுச் செலவையும் ஏற்கிறார் என்றால்? சீதக்காதி மரபு என்று மகிழ்ந்து உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். உமறுப்புலவருக்கும் சீதக்காதி காலமான பின் அபுல் காசிம் மரைக்காயரைத் தேட வேண்டி வந்தது. அந்தக் காப்பியமும் 1842இல்தான் அச்சைக் கண்டது. கொடையாளர் வந்தால் "நன்கொடை வேண்டாம், நூறு பிரதியை முன்பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். கதையில் யார் நல்லவர் என்று அவர் முடிவு செய்யும் நிலை அப்போது வராது. முகப்பில் அவர் படத்தோடு எட்டு வாழ்த்துரைகளும் தவிரும். சிவகங்கை மறைமாவட்டத்துக் குருவானவர் ஒருவர், கீழக்கரை ஆலிம் ஒருவர், வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் என மூன்று சிறு முன்னுரை போதும். அவை மூன்று வாசலைத் திறக்கும்.

தொடராக எழுதிவிட்டு நூலாக்குவதும் உண்டு. தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' முஸ்லிம் முரசு இதழில் வந்து, 1988இல் அவராலேயே நூலாக்கப்பட்டது. பின்னாளில் வேறொரு நாவலுக்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர் அவர். ஒரே சமயத்தாரின் வாழ்க்கையைச் சொல்லும் கதைக்கு இது அருமையான வழி. ஆனால் ஓரியூரும் கீழக்கரையும் ஒன்றாக வரும் கதையை எந்தச் சமய இதழ் முழுசாகப் போடும்?

வம்பு வருமா என்ற பயம் நியாயமானது. 2015இல் பெருமாள்முருகன் 'மாதொருபாகன்' நாவலைத் திரும்பப் பெற நேர்ந்தது, 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் தீர்ப்பளித்தது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவு வேண்டுமென்றே, தீய நோக்கோடு சமய உணர்வைப் புண்படுத்துவதைத்தான் குற்றமாக்குகிறது. ஆனால் சட்டம் வரும் முன்பே தெரு வந்துவிடும். பின்னிணைப்பாக நான்கு பக்கத்தில் எது ஆவணம், எது கற்பனை என்று பிரித்து எழுதுங்கள். யேசு சபைக் கடிதங்களில் இருப்பது எது, எஸ்.எம்.கமால் திரட்டிய சேதுபதி செப்பேடுகளில் இருப்பது எது, நீங்கள் புனைந்த உரையாடல் எது என்று தெரியட்டும். கமால் அவர்களின் நூல்கள் பலவும் ராமநாதபுரத்திலிருந்து ஷர்மிளா பதிப்பகத்தின் பெயரில் வந்தவைதான். சென்னை முகவரி இல்லாமலே அவை ஆய்வாளர் கைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அட்டையில் ஏர்வாடி ஷஹீது முதலிய இறைநேசர்களின் முகத்தை வரையவே கூடாது. கடல், கோட்டை, தோணி போதும்.

அனுப்புவதற்கு அஞ்சல் துறை 2025 மே மாதம் தொடங்கிய ஞான் போஸ்ட் இருக்கிறது. கல்வி, பண்பாடு, சமயம் சார்ந்த அச்சு நூல்களுக்கானது, 300 கிராம் வரை 20 ரூபாய். உங்கள் நூல் அதில் சேருமா என்று தலைமைத் தபால் நிலையத்தில் ஒரு பிரதியைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா முதலியவற்றுக்குப் பிரதி அனுப்ப வேண்டியது சட்டப்படி பதிப்பாளர் கடமை, இங்கே அது நீங்கள்தான்.

மாதத்தையும் பார்த்து இறங்குங்கள். சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில், அருளானந்தர் நினைவு நாள் பிப்ரவரி 4, கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ. ஓரியூருக்கு முழு நாவலைக் கொண்டுபோகாமல், ஒரே ஒரு ஃபாரம், அதாவது 16 பக்கத்தில், நாவலில் அருளானந்தர் கொல்லப்படும் அத்தியாயத்தை மட்டும் தனியே அச்சிட்டு, பங்குத்தந்தையிடம் அனுமதி வாங்கிப் பத்து ரூபாய்க்குக் கொடுங்கள். பின்னட்டையில் நூலை வாங்கும் கியூஆர் கோடு இருக்கட்டும். ராமநாதபுரம் முகவை சங்கமம் புத்தகத் திருவிழாவில் தனிக் கடை எடுக்க வேண்டாம், உள்ளூர் விற்பனையாளர் ஒருவரிடம் இருபது பிரதி வைத்தால் போதும். இதற்கெல்லாம் கோப்பு தீபாவளிக்கு முன் அச்சகத்தில் இருக்க வேண்டும். தீபாவளி முடிந்தால் காலண்டர் வேலையில் சிவகாசி உங்களைத் திரும்பிப் பார்க்காது.