துணிக் கிளிப்பில் ஒரு கிரீடம்



தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை ஒட்டிய உம்லாசி, நிறவெறி ஆட்சி கறுப்பினத்தவருக்கென ஒதுக்கிய குடியிருப்பு. புகைப்படக் கலைஞர் ஜனேலே முஹோலி 1972-இல் அங்கே பிறந்தார். ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்களுக்குள்ளும் அடங்காதவர். ஆங்கிலத்தில் இவரைச் சுட்டப் பன்மைச் சொல்லைக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. சூலு மொழியில் அந்தச் சிக்கலே இல்லை. அதன் படர்க்கைச் சொல் ஆண், பெண் பார்ப்பதில்லை. தமிழிலும் 'அவர்' என்றால் முடிந்தது.

பாலின ஈர்ப்பைக் காரணமாக்கி எவரையும் ஒதுக்கக் கூடாது என்று தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியல் சட்டம் சொல்லிவிட்டது. 2006-இல் தன்பாலினத் திருமணமும் சட்டப்படி செல்லுபடியானது. குடியிருப்புத் தெருக்களில் மட்டும் வன்கொடுமையும் கொலையும் ஓயவில்லை. அதே 2006-இல்தான் 'முகங்களும் பருவங்களும்' என்று பொருள்படும் படவரிசையை முஹோலி தொடங்கினார். தன்பாலின ஈர்ப்புள்ள கறுப்பினப் பெண்கள், திருநம்பிகள், பால் இருமையை ஏற்காதவர்கள் எனப் பலரின் கறுப்பு வெள்ளை உருவப்படங்கள் அதில் சேர்ந்துகொண்டே வந்தன. காட்சிச் சுவரில் ஆங்காங்கே வெற்றிடம் விடப்படும். இறந்துபோனவருக்கும் இனி வரவிருப்பவருக்குமான இடம் அது. திருநங்கைகளுக்கென 2014-இல் தனி வரிசை ஒன்றும் பிறந்தது.

2012 முதல் கேமரா முஹோலியின் பக்கமே திரும்பியது. 'சோம்ன்யாமா ங்கோன்யாமா' என்ற அந்தத் தன்னுருவ வரிசையின் ஆங்கிலத் தலைப்பில் இருப்பது கரிய பெண்சிங்கம். சூலுவில் 'இங்கோன்யாமா' சிங்கம்தான். மன்னருக்கும் அதுவே பட்டப்பெயர். முன்னோர் அரசருக்குச் சூட்டிய சொல்லை இருமைக்குள் அடங்காத ஒருவர் தன் உருவத்துக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார்.

மரபு என்றதும் மணிமாலை, தோலாடை என்று மனம் ஓடும். காலனியக் காலப் புகைப்படக்காரர்கள் சூலு மக்களை அப்படித்தான் நிறுத்திவைத்து, பெயரில்லாத 'மாதிரி'களாக்கி, அஞ்சலட்டையில் விற்றார்கள். முஹோலி தேடிப் போனது வேறு மரபு. மயோட் தீவில் 2015-இல் எடுத்த 'பெஸ்டர் I' படத்தில் தலை நிறையத் துணி காயப்போடும் கிளிப்புகள், கிரீடம்போல. காதிலும் அவையே தொங்குகின்றன. தோலின் கறுப்பு அச்சில் மேலும் அடர்த்தியாக்கப்பட்டிருப்பதால் கண்ணின் வெண்மை பளிச்சிடுகிறது. பெஸ்டர் என்பது தாயாரின் பெயர். ஒரே வெள்ளையர் குடும்பத்தில் 42 ஆண்டுகள் வீட்டு வேலை செய்தவர். 'ந்டோசாகே II' என்ற இன்னொரு படத்தில் தலையில் ஏறியிருப்பது பாத்திரம் தேய்க்கும் நார். அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் நுழைந்திராத இந்தச் சாமான்கள்தாம் தாய்வழிச் சொத்து.

வெனிஸ் கலைவிழாவில் 2019-இலும், லண்டன் டேட் மாடர்னில் 2020-இலும் இந்த வரிசையிலிருந்து படங்கள் இடம்பெற்றன. பல படங்களின் பெயர் சூலுவிலேயே நிற்கிறது. உச்சரிக்கத் தடுமாறுவது பார்வையாளரின் பாடு.