விரல்ரேகைக் கருவியின் டிரைவரை மறைத்து வைப்பதுதான் பாதுகாப்பா?

நம்பிக்கை: விரல்ரேகைக் கருவி கணினியோடு எப்படிப் பேசுகிறது என்பதை நிறுவனம் வெளியிடாமல் வைத்திருப்பதே நம் ரேகைக்குக் காவல். ரிவர்ஸ் இன்ஜினியரிங் செய்து லினக்ஸுக்கு ஓப்பன் சோர்ஸ் டிரைவர் எழுதுகிறவர்கள் அந்தக் காவலை உடைக்கிறார்கள்.

உண்மை: அங்கே உடைப்பதற்குக் காவல் என்று எதுவும் இல்லை. கருவிக்கும் கணினிக்கும் இடையே யூஎஸ்பி வழியாகப் போகும் ஒவ்வொரு பைட்டையும் கணினியின் சொந்தக்காரர் பார்க்க முடியும். நிறுவனத்தின் டிரைவரை விண்டோஸ் மெய்நிகர் கணினிக்குள் ஓடவிட்டு, லினக்ஸ் கெர்னலில் இருக்கும் யூஎஸ்பிமான் வசதியை வயர்ஷார்க் நிரலோடு இணைத்தால், எந்தக் கட்டளை போகிறது, விரல் வைத்ததும் என்ன பதில் வருகிறது என்பது வரிசையாகத் தெரியும். கீபோர்டுக்கும் பென்டிரைவுக்கும் இருப்பதுபோல விரல்ரேகைக் கருவிக்கென்று பொதுவான யூஎஸ்பி வகுப்பு இல்லாததால், இந்த வேலையை ஏறக்குறைய ஒவ்வொரு நிறுவனத்தின் கருவிக்கும் தனியாகச் செய்ய வேண்டியிருக்கிறது. அதற்குப் பொறுமை நிறையவே வேண்டும். ஆனால் சிப்பைப் பிளந்து பார்க்க வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட் விற்ற விரல்ரேகைக் கருவி, ரேகையின் படத்தைக் குறியாக்கம் செய்யாமலேயே கணினிக்கு அனுப்புகிறது என்பதை ஃபின்லாந்து ராணுவ ஆய்வாளர் மிக்கோ கிவிஹார்யு 2006-இல் பிளாக் ஹாட் மாநாட்டில் காட்டினார். வாங்கியவர்களுக்குத் தெரியாமல் இருந்தது என்பதைத் தவிர, அந்த ரகசியத்தால் யாருக்கும் பயன் இருக்கவில்லை. வேலிடிட்டி நிறுவனத்தின் சென்சார்கள் சிலவற்றில் இதற்கு நேர்மாறான நிலை. அவை டிஎல்எஸ் என்ற குறியாக்க இணைப்பை ஏற்படுத்தியே பேசுகின்றன. அவற்றுக்கும் ஓப்பன் சோர்ஸ் டிரைவர் எழுதப்பட்டிருக்கிறது; நெறிமுறை வெளியே தெரிந்துவிட்டது என்பதற்காகக் குறியாக்கம் செயலிழந்துவிடவில்லை. காப்பது சாவி, நெறிமுறையை மறைப்பது அல்ல.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 2023-இல் பிளாக்விங் இன்டெலிஜென்ஸ் ஆய்வாளர்கள் டெல், லெனோவா, மைக்ரோசாஃப்ட் ஆகியவற்றின் தலா ஒரு மாடலில் விண்டோஸ் ஹலோ என்ற உள்நுழைவு வசதியை ஏமாற்றிக் காட்டினார்கள். டெல் கணினியில் அவர்கள் பயன்படுத்திய வழி லினக்ஸ்தான்: லினக்ஸில் தங்கள் விரலைப் பதிந்து, விண்டோஸும் அந்தப் பதிவையே பார்க்கும்படி சென்சாரைத் திருப்பிவிட்டார்கள். அப்படியானால் லினக்ஸ் ஆதரவே ஓட்டையாகிவிட்டதே என்று கேட்பது நியாயம்தான். ஆனால் எந்தப் பதிவேட்டைப் பார்ப்பது என்று சென்சாருக்குச் சொல்லும் செய்தியை யார் அனுப்பினார்கள் என்று சென்சார் சரிபார்க்கவே இல்லை; குறை அங்கேதான். அதே ஆய்வில் மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸின் கீபோர்டில் இருந்த ஈலான் சென்சார் எந்தக் குறியாக்கமும் இல்லாமல் பேசியது. அங்கே லினக்ஸின் உதவியே தேவைப்படவில்லை. அந்தச் சென்சாராக நடிக்கும் வேறொரு யூஎஸ்பி கருவியைச் செருகினாலே போதுமானதாக இருந்தது. இப்படிப்பட்ட குறைகளை நிறுவனத்துக்கு வெளியே இருந்து ஒருவர் உற்றுப் பார்த்தால்தான் நாம் அறிய முடிகிறது. அப்படிப் பார்ப்பவர்களைச் சந்தேகிப்பது நமக்கே கேடு.

டிரைவர் திறந்திருந்தால் ரேகை கசியும் என்ற அச்சமும் தலைகீழானது. படத்தை அனுப்பும் பழைய வகைச் சென்சார்களுக்கு, லினக்ஸின் ஓப்பன் சோர்ஸ் விரல்ரேகை நூலகமான லிப்எஃப்பிரிண்ட் பயன்படுத்தும் ஒப்பீட்டு நிரல், அமெரிக்க அரசின் நிஸ்ட் நிறுவனம் வெளியிட்டது. படம் எங்கே போகிறது, எங்கே சேமிக்கப்படுகிறது என்று யாரும் வரி வரியாகப் படித்துப் பார்க்கலாம். மூடிய டிரைவரில் நிறுவனத்தின் வார்த்தையைத்தான் நம்ப வேண்டும்.

ரிவர்ஸ் இன்ஜினியரிங் சட்ட விரோதம் என்ற பேச்சுக்கும் பதில் உண்டு. முறையாக வாங்கிய நிரலிலிருந்து, தனியாக எழுதிய இன்னொரு நிரலோடு அதை இணைந்து இயங்கச் செய்யத் தேவையான தகவலைப் பெறுவதை இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அதற்குச் சட்டம் வைக்கும் நிபந்தனை, அந்தத் தகவல் வேறு வழியில் எளிதாகக் கிடைக்காமல் இருக்க வேண்டும் என்பது. நெறிமுறையை நிறுவனமே வெளியிட்டுவிட்டால் இந்தப் பாடு யாருக்கும் வேண்டியிருக்காது.