டெமரேர் கேட்கும் கேள்வி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நவோமி நோவிக்கின் டெமரேர் வரிசையில் முதல் நாவலை முடித்துவிட்டு, மீதி எட்டையும் படிக்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நெப்போலியன் காலத்துப் போர்களில் லட்சக்கணக்கானோர் நிஜமாகவே செத்திருக்கிறார்கள். அந்தப் போர்களுக்குள் டிராகன்களைப் பறக்கவிடுவது விளையாட்டுத்தனமாகப் படுகிறது என்கிறீர்கள். படியுங்கள் என்றே சொல்வேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நோவிக் வரலாற்றை இஷ்டத்துக்கு வளைப்பவரல்ல. படைகளில் டிராகன்கள் இருந்தால் என்னவெல்லாம் மாறும் என்று கடைசிவரை கணக்குப் பார்க்கிறார். 1805-இல் நெப்போலியனின் சேனை பூலோன் கரையில் காத்துக் கிடந்தது. ஆங்கிலக் கால்வாயைக் கடக்க விடாமல் தடுத்தது பிரிட்டிஷ் கடற்படை. நாவலிலும் டிரஃபால்கரில் பிரிட்டன்தான் வெல்கிறது. ஆனால் கடலை அடைத்தால் போதுமா? சிப்பாய்களைச் சுமந்துகொண்டு டிராகன்கள் டோவரை நோக்கி வானத்தில் வருகின்றன. லாங்விங் என்ற இனம் பெண்களைத் தவிர யாரையும் கேப்டனாக ஏற்காது. அதனால் அந்தக் காலத்து இங்கிலாந்திலேயே பெண்கள் கால்சட்டை அணிந்து போருக்குப் போகிறார்கள்.

இதெல்லாம் கெட்டிக்காரத்தனம். நாவலின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. லெவிடாஸை நினைத்துப் பாருங்கள். சின்ன டிராகன், தபால் கொண்டுபோகும் வேலை. அதன் கேப்டன் ராங்கின் அதைக் குளிப்பாட்டுவதில்லை, சேணத்தைக் கழற்றிவிடுவதில்லை, ஒரு நல்ல வார்த்தை பேசுவதில்லை. படையெடுப்புச் செய்தியோடு பறந்து வந்து, குற்றுயிராகக் கிடக்கும்போதும் அது தேடுவது ராங்கினைத்தான். டெமரேர் என்ற டிராகனின் கேப்டனான லாரன்ஸ் அந்த ஆளை வலுக்கட்டாயமாக இழுத்து வந்து பக்கத்தில் நிறுத்தி, இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லவைக்கிறார். அதுவே போதுமென்று லெவிடாஸ் கண்ணை மூடுகிறது. எத்தனையோ போர் வரலாறுகளில் தளபதிகளின் பெயர்களைப் படித்திருக்கிறோம். அவர்களைச் சுமந்த ஜீவன்களுக்காக எப்போதாவது தொண்டை அடைத்திருக்கிறதா?

இரண்டாவது நாவலில் டெமரேர் சீனாவுக்குப் போகிறது. அங்கே டிராகன்கள் படிக்கின்றன, தேர்வு எழுதுகின்றன, கையில் காசு வைத்துச் செலவழிக்கின்றன. அதைப் பார்த்த பிறகு டெமரேர் சும்மா இருக்குமா? எங்களுக்கு ஏன் சம்பளம் இல்லை, யாரைக் கேட்டு எங்களைச் சண்டைக்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்கத் தொடங்குகிறது. பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடைசெய்த ஆண்டு 1807. ஆட்களைப் பிடித்துக் கொண்டுபோய்ப் போர்க்கப்பல்களில் கட்டாய வேலைக்குப் போட்ட காலமும் அதுதான். டெமரேரின் கேள்வி அந்தக் காலத்தின் கேள்வி. கேட்க முடியாதவர்கள் அத்தனை பேருக்காகவும் ஒரு டிராகன் கேட்கிறது.

நான்காவது நாவல்வரையாவது கட்டாயம் போய்விடுங்கள். டிராகன்களைக் கொல்லும் கொள்ளைநோயை எதிரி நாட்டுக்குள் பரவவிடுகிறது பிரிட்டிஷ் தலைமை. லாரன்ஸும் டெமரேரும் அந்த நோய்க்கான மருந்தை பிரான்ஸுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். சட்டப்படி அது தேசத்துரோகம். தூக்குமேடை காத்திருக்கிறது என்று தெரிந்தும் லாரன்ஸ் நாடு திரும்புகிறார். கடமை என்றால் கீழ்ப்படிவது மட்டும்தான் என்று வளர்ந்தவர் அவர். அவரை இந்த முடிவுக்குக் கொண்டுவந்தது டெமரேரோடு வாழ்ந்த வாழ்க்கை.

செத்தவர்களை இந்த நாவல்கள் அவமதிக்கவில்லை, நண்பரே. போரை யார் முடிவு செய்கிறார்கள், யார் சுமக்கிறார்கள் என்று நம்மைக் கேட்கவைக்கின்றன. அந்தக் கேள்வியோடு வரலாற்று நூல்களுக்கும் திரும்புங்கள்; அவற்றையும் இன்னும் கூர்மையாகப் படிப்பீர்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்