காவலர் மீது புகாரா?

கேள்வி: போலீஸ்காரர் மீதான புகாரைப் போலீஸே விசாரித்தால் நியாயம் கிடைக்குமா? வெளியார் விசாரிக்க வழியில்லையா?
– வாசகி, கோபாலபுரம்.

பதில்: வழி வேண்டும் என்றுதான் 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மாநிலத்திலும் மாவட்டங்களிலும் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் காவல் புகார் ஆணையம் அமைய வேண்டும் என்றது. கேரளம் தன் சட்டத்தில் ஓய்வுபெற்ற நீதிபதியையே தலைவராக்கியது. தமிழ்நாட்டின் 2013-ஆம் ஆண்டுச் சட்டமோ உள்துறைச் செயலாளரைத் தலைவராகவும், டி.ஜி.பி.யை உறுப்பினராகவும் வைத்தது. மாவட்டத்தில் கலெக்டரும் எஸ்.பி.யும். புகாருக்கு ஆளான துறையே விசாரணை நாற்காலியில் அமர்வது நியாயமே அல்ல. 2020-ல் சாத்தான்குளத்தில் போலீஸ் காவலில் வதைபட்டுத் தந்தையும் மகனும் இறந்த பிறகாவது இந்தச் சட்டத்தைத் திருத்தியிருக்க வேண்டும்.

இப்போதைக்கு, சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் மாநில மனித உரிமை ஆணையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். நகலைப் பத்திரப்படுத்துங்கள். பயந்து ஒதுங்காதீர்கள்.